வானப் போர் விளையாட்டும் வாங்கியவர் மனமும்

கேட்ட பொருளையே கொடுத்த பிறகும் கேட்டவன் முகம் கோணுமானால், குற்றம் கேட்டவனுடையதா, கொடுத்தவனுடையதா? 1997-ஆம் ஆண்டில் ஒரு கணிப்பொறி விளையாட்டைச் சுற்றி இந்த வழக்கு எழுந்தது. விளையாட்டின் பெயர் 'எக்ஸ்-விங் வெர்சஸ் டை ஃபைட்டர்'. 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படங்களின் கதையுலகை உரிமத்தோடு எடுத்தாண்ட விண்வெளிப் போர் விளையாட்டுத் தொடரில் அது மூன்றாவது பாகம். நண்பனை எதிரியாக நிறுத்தி ஆட ஒரு வழி வேண்டும் என்பது அத்தொடரின் ரசிகர் பலருடைய நெடுநாள் ஆசை. வழி பிறந்தது. பிறந்தவுடன், "கதை எங்கே?" என்று கேட்டார்கள்.

விளையாட்டைப் பற்றி மன்ற இதழில் என்ன பேச்சு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள், இரவு பதினொரு மணிக்கு மேல் விடுதியில் ஒரு வலம் வந்து பார்க்கட்டும். எத்தனை அறைகளில் விளக்கு எரிகிறது, எரியும் அறைகளில் எத்தனையில் பாடப் புத்தகம் திறந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தால், இது பேசத்தக்க பொருள்தானா என்ற ஐயம் எழாது.

வழக்கைப் புரிந்துகொள்ள முன்கதை சிறிது வேண்டும். ஜார்ஜ் லூகாஸ் 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை எடுத்தபோது, விண்கலங்கள் மோதும் காட்சிகள் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைப் படத்துண்டுகளைத் தம் கலைஞர்களுக்கு மாதிரியாகக் கொடுத்தார். வானத்தில் காற்றே இல்லை. ஆயினும் அவருடைய கலங்கள் காற்றில் வளைவதுபோலவே வளைந்து பறந்தன. விஞ்ஞானப்படி அது பிழை, சுவைப்படி சரி. லூகாஸின் விளையாட்டுப் பிரிவோ தன் முதலாளியின் படத்தை வைத்துத் தொடக்க காலத்தில் விளையாட்டுச் செய்ய இயலாத நிலையில் இருந்தது. அந்த உரிமம் வெளியார் கைக்குப் போயிருந்தது! வீட்டுத் தோட்டத்து மாங்காயைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பக்கத்துத் தோட்டத்தை எட்டிப் பார்க்கும் நிலை. அந்தக் காலத்தில் அவர்களுக்காக லாரன்ஸ் ஹாலண்ட் என்பவர் உலகப் போர் விமானங்களை வைத்து 1988 முதல் 1991 வரை மூன்று விளையாட்டுகள் செய்தார். பசிபிக் கடற்போர், பிரிட்டன் வான்போர், ஜெர்மானிய விமானப்படை என்று அவை விரிந்தன. பின்னர் உரிமம் வீடு திரும்பியபோது, உலகப் போர் விமானங்களைக் கற்றவரே விண்கலங்களுக்கும் ஆசானானார். படம் எந்த ஊற்றில் நீர் முகந்ததோ, அதே ஊற்றில் விளையாட்டும் முகந்தது. 1993-இல் 'எக்ஸ்-விங்' வந்தது. ஹாலண்டோடு எட்வர்ட் கில்ஹாம் என்பவரும் அதை ஆக்கினார். வெளியிட்டவர்கள் லூகாஸ்ஆர்ட்ஸ்.

அவ்விளையாட்டின் உயிர் எங்கே இருந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெறுமனே குறிபார்த்துச் சுடுவது அன்று அது. கலத்தில் இருக்கும் ஆற்றல் ஓர் அளவுதான். அதை லேசர் துப்பாக்கி, கேடயம், எஞ்சின் ஆகிய மூன்றுக்கும் பங்கிட வேண்டும். லேசருக்கு மிகுதியாக ஊட்டினால் வேகம் குறையும்; கேடயத்துக்கும் சேர்த்து ஊட்டினால் கலம் ஆமையாகிவிடும்; எல்லாவற்றையும் எஞ்சினுக்கே விட்டால் ஓடித் தப்பலாம், ஆனால் திருப்பி அடிக்கக் கையில் ஒன்றும் இராது. முன்பக்கக் கேடயத்தைப் பின்பக்கத்துக்கு மாற்றலாம். எதிரி பின்னால் வருகிறானா முன்னால் வருகிறானா என்று பார்த்து, கணப்போதில் இவற்றை மாற்றிக்கொண்டே பறக்க வேண்டும். மாதக் கடைசியில் பெற்றோர் அனுப்பிய பணத்தை மெஸ் கட்டணம், புத்தகம், ரயில் கட்டணம் என்று பங்கிடும் நம் நண்பர்களுக்கு இந்தக் கலையை விளக்கத் தேவையில்லை. படத்தில் பார்த்த வீரன் செய்வதாகத் தோன்றியதை இங்கே தானே செய்கிறோம் என்ற உணர்வு ஆடுபவனுக்கு வந்தது. போரின் போக்குக்கு ஏற்பப் பின்னணி இசையும் மாறியது. எதிரியின் பெருங்கலம் தோன்றினால் இசையே எச்சரித்துவிடும்.

குறை இல்லையா? இருந்தது. பணிகள் கொடிய கடினம். பல பணிகளில் ஆக்கியோர் நினைத்த ஒரே வழியில் போனால்தான் வெற்றி.

1994-இல் வந்த 'டை ஃபைட்டர்' அந்தக் குறையைப் பெரும்பாலும் களைந்தது. அதைவிடத் துணிச்சலான காரியம் ஒன்றும் செய்தது. படத்தில் தீயவர்களாக வரும் பேரரசின் பக்கத்தில் ஆடுபவனை நிறுத்திவிட்டது. பேரரசின் சாதாரணக் கலத்துக்குக் கேடயம் கிடையாது; சில அடிகள் பட்டால் தூள். அதில்தான் முதற்பணி. மேலதிகாரி ஒருவர் ஆணை கூறுவார். பக்கத்து மூலையில் முக்காடிட்ட ஒருவர் நின்று, பேரரசரின் பெயரால் வேறு இரகசிய வேலையும் சொல்லுவார். அதையும் முடித்தால் மறைசங்கத்தில் பதவி உயரும். கையில் பச்சை குத்தப்படும். அரசியல் சூழ்ச்சி, உள்ளிருந்தே எழும் துரோகம், அதை அடக்கும் போர் என்று கதை வளர்ந்தது. சட்டம், அமைதி, ஒழுங்கு என்றெல்லாம் பேரரசு தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொற்களைக் கேட்டுக்கொண்டே ஆடுபவன், சிறிது நேரத்தில் அவற்றை நம்பவும் தொடங்கிவிடுவான். இவ்வகை விளையாட்டுகளில் தலைசிறந்தது எது என்று கேட்டால் இன்றும் பலர் இதையே சொல்லுகிறார்கள். என் கருத்தும் அதுவே.

இந்த இரண்டையும் ஆடி முடித்தவர்கள்தாம் 1997 ஏப்ரலில் மூன்றாம் பாகத்துக்குக் காத்திருந்தார்கள். பழைய படங்கள் மூன்றும் புதுப்பிக்கப்பட்டு அதே ஆண்டில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்திருந்தன. ஊக்கத்துக்குக் கேட்க வேண்டுமா?

பெட்டியைத் திறந்தால் இரண்டு குறுந்தகடுகள். ஒருவர் வாங்கினால் இருவர் ஆடலாம் என்பது ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். கலங்களின் தோற்றம் முன்னிலும் அழகு. உள்வலையில் இணைந்த எட்டுப் பேர் ஒரே களத்தில் மோதலாம். இதைச் சாத்தியமாக்கப் பொறியாளர்கள் பட்ட பாடு தனிக் கதை. நம்மிடையே பொறியியல் பயில்வோருக்காக அதைச் சொல்லாமல் போக மனமில்லை.

எட்டுக் கலங்கள், ஏவுகணைகள், கணினி இயக்கும் பகைவர் கூட்டம், பெருங்கப்பல்கள் எல்லாவற்றின் நிலையையும் விநாடிதோறும் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பிக்கொண்டிருக்க அன்றைய மோடத்தால் முடியாது. ஆகவே ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொருவர் கணிப்பொறியும் போர் முழுவதையும் தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஆடுபவர் ஜாய்ஸ்டிக்கை எப்பக்கம் சாய்த்தார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை மட்டும் மற்றவற்றுக்குத் தெரிவிக்கும். எல்லாரும் ஒரே கணக்கை ஒரே முறையில் போட்டால் விடையும் ஒன்றாகத்தானே இருக்கும்? செய்தி சிறிதாயிற்று. ஆனால் ஒருவருடைய செய்தி வரத் தாமதமானால் மற்றவர் கணக்கும் நின்று காத்திருக்க வேண்டும். இணையத்தில் செய்திப் பொட்டலங்கள் வழியில் தொலைவது இயல்பு. தொலைந்ததைத் திரும்பப் பெற்று வரிசைப்படி கொடுக்கும் 'டிசிபி' முறையில் சென்றால், ஒரு பொட்டலம் தொலைந்ததற்காகப் பின்னால் வந்தவையெல்லாம் வாசலில் நிறுத்தப்படும். கடிதத்துக்கு அம்முறை சரி. விநாடிக்கு விநாடி திரும்பும் போர்க்கலத்துக்குச் சரியாகுமா? வரிசையைப் பற்றிக் கவலைப்படாத 'யுடிபி' முறைக்கு அவர்கள் மாற நேர்ந்தது. அவ்வேலையில் ஈடுபட்ட பீட்டர் லின்கிராஃப்ட், பட்ட அனுபவங்களை 1999-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். இணையத்தைத் திட்டும் சொல்லே அதன் தலைப்பில் நிற்கிறது. வலைப்பின்னல் பாடம் படிப்பவர்கள் தேடிப் படிக்கத்தக்கது.

இவ்வளவு உழைப்பும் ஒரு பக்கம். மறுபக்கம், வாங்கியவரில் பெரும்பாலோர் தனி அறையில் தனிக் கணிப்பொறியோடு இருந்தவர்கள். உள்வலை அலுவலகத்திலும் கல்லூரியிலும் உண்டு, வீட்டில் ஏது? தொலைபேசி இணைப்பில் ஆடினால் தாமதம். அம்மா பேசத் தொலைபேசியை எடுத்தால் போரே முடிந்தது. தனியாக ஆடலாம் என்று உட்கார்ந்தால், ஒன்றோடொன்று ஒட்டாத களங்கள் வரிசையாக இருந்தன. முடித்தால் மதிப்பெண், பதக்கம். பிறகு அடுத்த களம். ஆணையிடும் அதிகாரி இல்லை. முக்காடிட்ட மனிதர் இல்லை. நேற்றுச் செய்த காரியத்தால் இன்று எதுவும் மாறவில்லை. கிரிக்கெட்டில் வலைக்குள் நின்று நாள் முழுவதும் பந்தடிக்கலாம். கை நன்றாகத் தேறும். ஆனால் எத்தனை அடித்தாலும் ஆட்டத்தின் முடிவு என்று ஒன்று அங்கே கிடையாது.

மதிப்புரைகள் வந்தன. பறக்கும் சுகத்தையும் பலர் ஆடும் வசதியையும் அவை புகழ்ந்தன. கதைத் தொடர் இல்லாததைக் கடிந்தன. ரசிகர்கள் இன்னும் கடுமையாகவே பேசினார்கள். ஆக்கியோர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1993-இல் 'டூம்' வந்தபின், பலர் சேர்ந்து ஆடுவதே எதிர்காலம் என்ற காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. அவர்கள் காற்றைப் பார்த்துப் பாய் விரித்தார்கள். ஆனால் 'ஸ்டார் வார்ஸ்' என்ற பெயரைப் பெட்டியின்மேல் அச்சிட்டு விற்கும்போது எதை விற்கிறோம் என்பதை மறந்துவிட்டார்கள். அப்பெயரைப் பார்த்து வாங்குகிறவன் ஒரு துப்பாக்கியையோ ஒரு கலத்தையோ வாங்கவில்லை. அந்தப் பெரும்போரில் தனக்கென்று ஓர் இடத்தை வாங்குகிறான். எந்தப் பக்கம் நிற்கிறோம், யாருக்குக் கீழே, எதற்காக என்பதே அவனுக்கு வேண்டும். பேர் தெரியாத ஒரு விண்வெளியில் இதே களங்கள் வந்திருந்தால் இவ்வளவு முணுமுணுப்பு எழுந்திராது. உரிமம் விற்பனைக்குத் துணை. அதே உரிமம் வாங்குகிறவன் கையில் அளவுகோலும் ஆகிறது. 1997-இல் குறை கூறியவர்கள் நன்றிகெட்டவர்கள் என்று சொல்வோர் உண்டு. நான் அவர்கள் கட்சியில் இல்லை.

முணுமுணுப்பு வீண்போகவில்லை. அதே ஆண்டின் இறுதிக்குள் 'பேலன்ஸ் ஆஃப் பவர்' என்ற இணைப்புப் பாகம் வந்தது. இரு தரப்புக்கும் தலா 15 பணிகள் கொண்ட தொடர் போர் அதில் சேர்ந்தது. நண்பரோடு சேர்ந்தும் ஆடலாம். 1999-இல் வந்த 'எக்ஸ்-விங் அலையன்ஸ்' முழுமையாகவே கதைக்குத் திரும்பிவிட்டது. அதில் நாம் அஸாமீன் என்ற வணிகக் குடும்பத்தின் இளைய பிள்ளை. சரக்கு ஏற்றுவதும் போட்டிக் குடும்பத்தோடு மல்லுக்கட்டுவதுமாகத் தொடங்கி, பேரரசின் தாக்குதலில் வீடு இழந்து, கிளர்ச்சிப் படையில் சேர்ந்து, கடைசியில் எண்டோர் போரில் 'மில்லேனியம் ஃபால்கன்' கலத்தையே ஓட்டும் இடத்துக்கு வருகிறோம். இடையிடையே அண்ணனும் அக்காளும் கடிதம் அனுப்புகிறார்கள். குடும்பத்தை விட்டுத் தூரத்தில் இருப்பவனுக்கு அக்கடிதங்கள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

அதோடு தொடர் நின்றது. வகையே மெலிந்துகொண்டிருந்தது. அதே 1999-இல் வந்த 'ஃப்ரீஸ்பேஸ் 2' பெரும் புகழ் பெற்றும் விலைபோகவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 'ஃப்ரீஸ்பேஸ்' விளையாட்டின் மூலநிரலை ஆக்கியோரே 2002-இல் வெளியிட்டார்கள். ரசிகர்கள் அதை எடுத்து வளர்த்து வருகிறார்கள். 'எக்ஸ்-விங்' உலகம் அப்படிப் பொதுச் சொத்தாக முடியாது. பெயர், கலம், ஒலி, இசை ஒவ்வொன்றும் உரிமையுடையவர் கையில். அவர் பேசாமல் இருந்தால் வேறு யாரும் அடுத்த பாகம் செய்து விற்க இயலாது. 2012-இல் டிஸ்னி லூகாஸ்ஃபிலிமை வாங்கியது; 2013-இல் லூகாஸ்ஆர்ட்ஸ் மூடப்பட்டது; எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு உரிமம் போயிற்று. விண்கலப் போரைச் சிறு பகுதியாகக் கொண்ட விளையாட்டுகளும், படபடவென்று சுட்டுத் தள்ளும் எளிய விளையாட்டுகளும் இடையே வந்தன. ஆற்றலைப் பங்கிட்டு ஓட்டும் அந்தக் கலம் மட்டும் வரவில்லை.

வந்தது 2020 அக்டோபர் 2-ஆம் நாள். பெயர் 'ஸ்டார் வார்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ்'. மாண்ட்ரியாலில் உள்ள மோட்டிவ் நிறுவனத்தார் செய்தார்கள். பெயரில் 'எக்ஸ்-விங்' இல்லையே தவிர, வாரிசு யாருடையது என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. கலத்தின் உள்ளிருந்து மட்டுமே பார்க்கலாம்; லேசர், கேடயம், எஞ்சின் என்ற அதே மூன்று பங்கு; கேடயமற்ற பேரரசுக் கலத்துக்கு அதற்கு ஈடாக அவசர ஆற்றல் மாற்றம். 21 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் பரணிலிருந்து பழைய ஜாய்ஸ்டிக்கைத் தூசி தட்டி எடுத்தார்கள். விலையும் 40 டாலர்தான். பெருநிறுவன விளையாட்டுகளுக்கு அன்று 60 டாலர் வழக்கம். உள்ளே மேலும் மேலும் காசு கேட்கும் உண்டியல் எதுவும் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். இதே நிறுவனம் 2017-இல் 'பேட்டில்ஃப்ரண்ட் 2' விளையாட்டில் அதிர்ஷ்டப் பெட்டிகளை வைத்து உலகெங்கும் வசை வாங்கி, வெளியீட்டு வேளையில் காசு வாங்குவதையே நிறுத்திவைக்க நேர்ந்ததை நினைத்தால், இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

முதல் வாரங்களில் புகழுரை மிகுதி. தலையில் மாட்டும் மெய்நிகர்க் கண்ணாடியோடு ஆடியவர்கள் வாயடைத்துப் போனார்கள். பிறகு இருபுறத்திலிருந்தும் குறைகள் வந்தன.

தனியே ஆடுவோர், கதை இருக்கிறது, ஆனால் மெலிவாக இருக்கிறது என்றார்கள். கதைநாயகனுக்கு வாய் இல்லை. கலக்கூடத்தில் தோழர்கள் ஒவ்வொருவராக நம் முன் நின்று தத்தம் வரலாற்றைச் சொல்லுவார்கள். நாம் தலையாட்டவும் மாட்டோம். அதற்கும் மேலாக, ஒரு பணியில் புதுக் குடியரசின் வீரன், அடுத்த பணியில் பேரரசின் வீரன் என்று மாறி மாறி ஆட வேண்டும். இருதரப்பு நியாயமும் காட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. விளைவு, எந்தத் தரப்பும் நம்முடையது ஆகவில்லை. 1994-இல் முக்காடிட்ட மனிதர் ஒருவரே நம்மை ஒரு பக்கத்தில் கட்டிப்போட்டார். இங்கே அத்தனை தோழர்கள் இருந்தும் கட்டுப்போட ஆள் இல்லை.

பலரோடு ஆடுவோரின் குறை வேறு. ஐவர் எதிர் ஐவர் என்று போர். தேர்ந்தவர்கள் எஞ்சின் உந்துதலை விட்டு விட்டு அடுத்தடுத்து அழுத்தி, குறிக்கே சிக்காமல் துள்ளிப் பறக்கும் வித்தைகளைக் கண்டுபிடித்தார்கள். அது திறமையா, ஓட்டையைப் பயன்படுத்தும் குறுக்குவழியா என்று பெரிய வாதம் நடந்தது. எப்படியாயினும், புதிதாய் வந்தவன் தன்னைச் சுட்டவன் எங்கே என்று தேடுவதற்குள் மூன்று முறை மாண்டான். நான்காம் நாள் வரவில்லை. புதியவர் வராத களத்தில் பழையவர்க்கும் எதிரி கிடைப்பது அரிதாகத் தொடங்கியது. வெளியிட்ட பின் ஏதும் சேர்க்கும் எண்ணம் இல்லை என்றிருந்த நிறுவனம், 2020 முடிவதற்குள் ஒரு புதிய களத்தையும், பி-விங், டை டிஃபெண்டர் ஆகிய இரு கலங்களையும் இலவசமாகச் சேர்த்தது. ரசிகர்கள் மகிழ்ந்தார்கள், போனவர்கள் திரும்பவில்லை.

1997-ஐயும் 2020-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காசு கொடுத்து வாங்குகிறவன் கவனிக்க வேண்டிய ஒன்று தெரிகிறது. பிறரோடு ஆடும் ஆட்டத்துக்கு ஆயுள் பிறர் கையில். 'எக்ஸ்-விங் வெர்சஸ் டை ஃபைட்டர்' ஆடுவோர் கூடிய இடங்களுள் ஒன்று மைக்ரோசாஃப்ட் நடத்திய 'ஸோன்' சேவை. குறுந்தகட்டு விளையாட்டுகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலையை அது 2006-இல் நிறுத்திவிட்டது. அதே விளையாட்டுக்கு மனக்குறையோடு சேர்க்கப்பட்ட 30 பணிகளோ இன்றும் எந்த அறையிலும் தனியாக ஆடக் கிடக்கின்றன. பழைய நான்கு பாகங்களும் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் புதிய கணிப்பொறிகளில் ஓடும்படி மீண்டும் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் பெரும்பாலும் தேடியது கதையைத்தான்.

ரசிகர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 'எக்ஸ்-விங் அலையன்ஸ்' விளையாட்டின் மூலநிரல் கையில் இல்லாமலே, அதன் கலங்கள், ஒளி, தோற்றம் எல்லாவற்றையும் பகுதி பகுதியாகப் பெயர்த்து எடுத்துப் புதிதாக மாட்டினார்கள். அந்தப் புதுப்பித்த கட்டடத்துக்குள்ளேயே வேறு சிலர் 1994-இன் 'டை ஃபைட்டர்' முழுவதையும் கொண்டுவந்து குடியேற்றினார்கள். விலை கிடையாது, விற்கவும் உரிமை கிடையாது. 'அலையன்ஸ்' பிரதியைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் மட்டும் அதன்மேல் இதை நிறுவிக்கொள்ளலாம். ஆணையிடும் அதிகாரி அதில் மீண்டும் நிற்கிறார். மூலையில் முக்காடிட்டவரும் நிற்கிறார்.